தலை மட்டும் மிஞ்சிய விலங்கு

தங்கை மகனுக்கு ஏழு வயது. போன விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் டைனோசர்களைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினான். டி-ரெக்ஸ், மூன்று கொம்பு முளைத்தது, முதுகில் தகடு வைத்தது எல்லாம் எனக்கே தெரிந்தன. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரண்டு காலில் நிற்கிறது. வழுக்கை விழுந்த தாத்தாவின் மண்டை மாதிரி தலையில் பளபளவென்று ஒரு மேடு. அதைச் சுற்றி முண்டு முண்டாக ஏதோ.

"இது என்னடா?"

"இதுகூடத் தெரியாதா மாமா? இது முட்டுற டைனோசர்."

"முட்டும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "தலையப் பாருங்க மாமா."

சிரித்துவிட்டேன். பிறகு அந்த விலங்கைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, நூற்றைம்பது வருடமாகப் பெரிய பெரிய ஆட்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று. தலையைப் பார்த்தார்கள். பெரும்பாலும் தலையை மட்டுமே பார்த்தார்கள், ஏனென்றால் பெரும்பாலும் தலை மட்டும்தான் கிடைத்தது.

அதன் பெயர் பாக்கிசெபலோசாரஸ். கிரேக்கத்தில் 'தடித்த தலைப் பல்லி' என்று பொருள். வட அமெரிக்காவின் மேற்கில், டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டத்தில், சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்தது. சுமார் 4.5 மீட்டர் நீளம். இலை தழை தின்னும் கூட்டம்; கொம்பு வைத்த டைனோசர்களுக்குப் பங்காளி முறை. மண்டையின் உச்சியில் இருந்த எலும்பு மட்டும் 25 சென்டிமீட்டர் வரை கனம். நம் மண்டையோட்டின் கனம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அந்தக் கனம்தான் இந்தக் கதையின் மொத்தச் சிக்கலுக்கும் காரணம். ஒரு விலங்கு செத்து ஆற்றோரம் விழுகிறது. நரி மாதிரி எதுவோ இழுக்கிறது, வெள்ளம் உருட்டுகிறது, மெல்லிய விலா எலும்பும் கால் எலும்பும் நொறுங்கிப் போகின்றன. ஆனால் உச்சி மண்டை கருங்கல் உருண்டை மாதிரி. எவ்வளவு உருட்டினாலும் தேயுமே தவிர உடையாது. ஆகவே கோடி வருடம் கழித்து நம் கைக்கு வருவது அந்த உருண்டை மட்டும். இந்தக் குடும்பத்தில் பல இனங்களுக்கு மண்டை உச்சியைத் தவிர வேறு எலும்பே கிடையாது. விலங்கின் மிக விசித்திரமான பாகம் எதுவோ, அதுவே மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் போய்விடுகிறது. ஒரு மனிதரின் மூக்குக்கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் யார், என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார் என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

*

கதை ஃபிலடெல்ஃபியாவில் தொடங்குகிறது. ஜோசப் லெய்டி என்று ஒரு உடற்கூறியல் பேராசிரியர். அமெரிக்கத் தொல்லுயிரியலின் தொடக்க காலப் பெரியவர். அவர் மேற்கே அதிகம் அலையவில்லை, மேற்கு அவரிடம் பெட்டி பெட்டியாக வந்தது. அனுப்பியவர் ஃபெர்டினான்ட் ஹேடன் என்ற நிலவியலாளர். மிசௌரி ஆற்றுப் பக்கமெல்லாம் ஓடி ஓடிக் கல் பொறுக்கியவர். 'ஓடிக்கொண்டே கல் பொறுக்குகிற மனுஷன்' என்று அந்த ஊர்ப் பழங்குடி மக்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு.

ஹேடன் அனுப்பியவற்றில் இரண்டு பொருட்கள் நமக்கு முக்கியம். ஒன்று, மொன்டானாவில் கிடைத்த ஒரே ஒரு பல். ஓரத்தில் ரம்பம் மாதிரி பற்கள் வைத்த சின்னப் பல். 1856-ல் லெய்டி அதற்கு 'ட்ரூடன்' என்று பெயர் வைத்தார். ஏதோ பல்லி என்று நினைத்தார். இரண்டாவது, அதே மொன்டானாப் பக்கம் 1859-60 வாக்கில் எடுத்த, முண்டு முண்டாக இருந்த ஓர் எலும்புத் துண்டு. 1872-ல் அதற்கு 'டைலோஸ்டியஸ்' என்று பெயர் வைத்தார். ஏதோ ஒரு விலங்கின் தோல் கவசமாக இருக்கலாம் என்று எழுதினார். அது நியாயமான ஊகம்தான். கையில் இருந்தது அவ்வளவுதானே.

இரண்டு துண்டும் இழுப்பறைக்குள் போயின. பல் சீக்கிரமே வெளியே வந்து பெரிய குழப்பம் செய்தது. எலும்பு நூறு வருடத்துக்கு மேல் தூங்கியது.

*

1902-ல் காட்சி கனடாவுக்கு மாறுகிறது. அந்நாட்டு நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த லாரன்ஸ் லாம்ப், ஆல்பெர்ட்டாவின் ரெட் டீர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த இரண்டு மண்டை உச்சித் துண்டுகளுக்கு 'ஸ்டெகோசெராஸ்' என்று பெயரிட்டார். கூரைக் கொம்பு என்று அர்த்தம். அது மண்டையின் எந்த இடத்து எலும்பு என்பதுகூட அவருக்குத் தெளிவாக இல்லை. மூக்குக்கு முன்னால் இருந்த எலும்பு என்று நினைத்தார். அடுத்த வருடமே ஃப்ரான்ஸ் நோப்சா என்ற ஹங்கேரியப் பிரபு ஒரு யோசனை சொன்னார்: இது ஒற்றைக் கொம்பு டைனோசர், இந்த மேடுதான் கொம்பின் அடி! 1918-ல் லாம்ப் அதை முதுகில் தகடும் கவசமும் தாங்கிய டைனோசர் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு கைப்பிடி எலும்பு, பதினாறு வருடத்தில் மூன்று வேஷம்.

அதன்பிறகுதான் அதிர்ஷ்டம் அடித்தது. ஸ்டெர்ன்பெர்க் குடும்பம் என்று ஒன்று உண்டு. அப்பா, மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் எலும்பு தேடுவதுதான் தொழில். மூத்தவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க், ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துக்காக முழு மண்டையும் உடம்பின் ஒரு பகுதியும் சேர்ந்த ஸ்டெகோசெராஸ் ஒன்றைக் கண்டெடுத்தார். முதன்முறையாகத் தலைக்குக் கீழே ஓர் உடம்பு! வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் சார்ல்ஸ் கில்மோர் அதை ஆராய்ந்து 1924-ல் எழுதினார்.

இனிமேல் குழப்பம் தீர்ந்துவிடும் என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை. கில்மோர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். லெய்டியின் அந்த ஒற்றைப் பல் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. அப்புறம் என்ன, விதி இருக்கிறதே: முதலில் வைத்த பெயருக்கே முதல் மரியாதை. ஸ்டெகோசெராஸ் 'ட்ரூடன்' ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, எலும்புக்கூட்டோடு கிடந்த மெல்லிய குச்சி எலும்புகளை வயிற்று விலா எலும்புகள் என்று எண்ணிவிட்டார். அவை உண்மையில் வாலை விறைப்பாக வைக்கும், எலும்பாக மாறிய தசைநாண்கள். அது தெரியவர இன்னும் ஐம்பது வருடம் ஆனது.

1931-ல் வயோமிங்கில் கிடைத்த இன்னும் பெரிய ஒரு மண்டைக்கும் அவர் ட்ரூடன் என்றே பெயர் கொடுத்தார். நம் கதாநாயகன் முதன்முறையாக அடையாளத்தோடு மேடையேறியது அந்த வேஷத்தில்தான். 1943-ல் நியூயார்க்கின் பார்னம் பிரௌனும் எரிக் ஷ்லைக்கியரும் மொன்டானாவின் எகலாகா ஊர்ப் பக்கம் கிடைத்த ஏறக்குறைய முழுமையான மண்டையை வைத்து பாக்கிசெபலோசாரஸ் என்ற பெயரை உருவாக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1945-ல், பல் குழப்பத்துக்கு முடிவு வந்தது. ட்ரூடனின் பல் கறி தின்னியின் பல், இந்த மண்டைக்காரர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அறுத்துக் கட்டியவர் சார்ல்ஸ் எம். ஸ்டெர்ன்பெர்க். ஜார்ஜின் தம்பி. அண்ணன் தோண்டி எடுத்ததற்குத் தம்பி பெயர் மீட்டுக் கொடுத்தார்.

அந்த இன்னொரு எலும்பு? முண்டு முண்டாக இருந்த டைலோஸ்டியஸ்? 1979-ல் டொனால்ட் பேர்ட் என்பவர் அதை மறுபடி எடுத்துப் பார்த்தார். கவசமும் இல்லை ஒன்றும் இல்லை. பாக்கிசெபலோசாரஸ் மண்டையின் பின்பக்க ஓர எலும்பு! அதாவது லெய்டி 1872-லேயே இந்த விலங்குக்குப் பெயர் வைத்துவிட்டார், எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமல். சட்டப்படி பார்த்தால் பாக்கிசெபலோசாரஸ் என்ற பெயரே ரத்தாகி, டைலோஸ்டியஸ்தான் நிற்க வேண்டும். விலங்குப் பெயர் வழக்குகளைத் தீர்க்கவென்றே ஒரு சர்வதேச ஆணையம் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக யாரும் புழங்காத பெயர், அதுவும் ஒரு துண்டை வைத்து வைத்தது என்று மனு போட்டார்கள். 1980-களில் ஆணையம் புழக்கத்தில் இருந்த பெயரையே காப்பாற்றிக் கொடுத்தது. வழக்கில் விதி தோற்று வழக்கம் ஜெயித்த சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

*

தலை மட்டும் கிடைத்தால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு உச்சமான உதாரணம் வட அமெரிக்காவில் இல்லை, மடகாஸ்கரில் இருக்கிறது. அங்கே கிடைத்த, மேடு வைத்த ஒரு மண்டைத் துண்டை 1979-ல் ஹான்ஸ்-டீட்டர் ஸ்யூஸும் ஃபிலிப் டாகேயும் 'மஜுங்காதோலஸ்' என்று பெயரிட்டு விவரித்தார்கள். மேடு இருக்கிறது, ஆகவே குவிமாடத் தலையன். அதுவரை இந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில்தான் உண்டு. தென் கண்டத்துத் தீவில் ஒன்று கிடைத்தால் அது சின்ன விஷயமா? வடக்குக் கண்டங்களுக்கும் தெற்குக் கண்டங்களுக்கும் அந்தக் காலத்தில் தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்று அந்த ஒரு துண்டின் மேல் வாதம் எழுந்தது.

1996-ல் அதே தீவில் அருமையாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு மண்டை கிடைத்தது. அதே மேடு அதன் நெற்றியில் சின்னக் கொம்பாக நின்றது. கீழே வாய் நிறையக் கத்திப் பல். 1998-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்: இது இலை தின்னி அல்ல, பெரிய வேட்டை விலங்கு. இன்று அதை மஜுங்காசாரஸ் என்கிறோம். எலும்புகளில் இருந்த கடித்தடங்களை ஆராய்ந்து, அது தன் இனத்தையே தின்றது என்று 2003-ல் எழுதினார்கள். சாது என்று நினைத்தவர் சொந்தக்காரர்களையே தின்றவராகப் போனார்.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிடைத்து 2003-ல் பெயர் பெற்ற ராஜாசாரஸ் இந்த மஜுங்காசாரஸுக்கு உறவுக்காரன். அதற்கும் தலையில் ஒரு சின்னக் கொம்பு. அந்தக் குடும்பத்தில் நெற்றி மேடு ஒரு வழக்கம்.

*

சரி, முட்டுகிற விஷயத்துக்கு வருவோம்.

மண்டையால் முட்டிச் சண்டை போட்டிருக்கும் என்ற யோசனையை 1955-ல் எட்வின் கோல்பெர்ட் எழுதினார். 1970-களில் பீட்டர் கால்டன் அதைப் பெரிதாக வளர்த்தார். கிடா முட்டு பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே கண்ணுக்கு வந்துவிடும். பின்னால் நகரும், தலையைக் குனியும், ஓடி வரும், 'டம்' என்று ஒரு சத்தம். அதே மாதிரி இரண்டு டைனோசர்கள். படம் வரைபவர்களுக்குக் கொண்டாட்டம். பொம்மை செய்பவர்களுக்கும். முட்டும்போது தாங்குவதற்கென்றே அந்த எலும்புக்குள் கதிர் கதிராக ஓர் அமைப்பு இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

எதிர்ப்பும் வந்தது. கிடாயின் கொம்பு அகலமானது, மோதினால் நேராகப் பொருந்தும். இரண்டு பந்துகளை மோதிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நேருக்கு நேர் முட்டியிருந்தால் கழுத்துதான் முறியும் என்றார்கள். வேண்டுமானால் பக்கவாட்டில் விலாவில் இடித்திருக்கலாம் என்றார் கென்னத் கார்பென்டர். 2004-ல் மார்க் குட்வினும் ஜாக் ஹார்னரும் மண்டை எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கதிர் அமைப்பு வேகமாக வளரும் இளம் எலும்பின் அடையாளம். முழுதாக வளர்ந்த விலங்கில் அது மறைந்துவிடுகிறது. சண்டை போடும் வயதில் இல்லாத ஒன்று சண்டைக்காக எப்படி இருக்கும்? தலை மேடு ஆளை அடையாளம் காட்டவும் அழகு காட்டவும்தான் என்றார்கள் அவர்கள்.

அதே இருவர் 2009-ல் இன்னொரு குண்டு போட்டார்கள். அந்த மண்ணில் வேறு இரண்டு இனங்கள் இருந்தன. ஒன்று ஸ்டிகிமோலோக், சின்ன மேடும் நீண்ட முட்களும் கொண்டது. இன்னொன்று டிராகோரெக்ஸ் ஹாக்வார்ட்சியா, தட்டைத் தலை, சுற்றிலும் முள். ஆமாம், ஹாரி பாட்டர் பள்ளியின் பெயர்தான். இண்டியானாபோலிஸ் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் இருக்கும் மண்டைக்கு 2006-ல் அப்படிப் பெயர் வைத்தார்கள். ஹார்னரும் குட்வினும் சொன்னது: இவை மூன்று இனங்கள் அல்ல, ஒரே விலங்கின் பிள்ளைப் பருவம், இளம் பருவம், முதிர்ந்த பருவம். தட்டைத் தலையில் மேடு எழும்புகிறது, முள் கரைந்து முண்டாகிறது. ஸ்டிகிமோலோக் கொஞ்சம் பிந்தைய பாறையில் கிடைப்பதால் அது தனி இனமாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் டிராகோரெக்ஸ் ஒரு குட்டி என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள்.

முட்டவில்லை என்று முடிவாகிவிட்டதா? 2013-ல் ஜோசப் பீட்டர்சனும் மற்றவர்களும் 109 மண்டை மேடுகளை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்கள். 22 சதவீதத்தில் காயத் தடம் இருந்தது. எலும்பு வரைக்கும் அடிபட்டு, சீழ் பிடித்து, ஆறிய பள்ளங்கள். பெரும்பாலும் மேட்டின் உச்சியில். தட்டைத் தலை வைத்தவற்றில் அப்படி இல்லை. வெறும் அழகுக்கு வைத்த தலையில் ஐந்தில் ஒன்றுக்குக் காயம் ஏன் வருகிறது?

எனக்கு இந்த ஆய்வு பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை எல்லோரும் வடிவத்தை வைத்து வாதாடினார்கள். இப்படி இருக்கிறது, ஆகவே இப்படிச் செய்திருக்கும். வடிவம் சொல்வது அது என்ன செய்திருக்க முடியும் என்பதை. தழும்பு சொல்வது உண்மையில் என்ன நடந்தது என்பதை. ஒருவருடைய கையில் தசை இருக்கிறது என்பதற்கும் கையில் காய்ப்பு இருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

*

இதோடு விட்டால் நன்றாக இருக்கும். விடவில்லை. 2018-ல் குட்வினும் டேவிட் எவன்ஸும் ஓர் இளம் பாக்கிசெபலோசாரஸின் தாடையைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசினார்கள். பின் பற்கள் தழை தின்னியின் பற்கள். முன் பற்களோ கூராக, முக்கோணமாக, ஓரத்தில் ரம்பம் வைத்து, கறி தின்னியின் பல் மாதிரி! தனியாகக் கிடைத்திருந்தால் அதை வேட்டை டைனோசரின் பல் என்றுதான் பெட்டியில் போட்டிருப்பார்கள். இலையோடு கூட ஏதாவது பூச்சியோ பல்லியோ தின்றிருக்கலாம்.

கில்மோரை நினைத்துக்கொண்டேன். 1924-ல் அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்த வாயில் ஏதோ ஒரு கறிப்பல் சாயல் அவர் கண்ணில் பட்டதை முழு முட்டாள்தனம் என்று சொல்ல இப்போது மனசு வரவில்லை.

2025 செப்டம்பரில் மங்கோலியாவின் கோபிப் பாலையிலிருந்து புதிய ஒன்று வந்தது: ஸவாசெபலே ரின்போச்சே. சுமார் 10 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழமை. இதுவரை தெரிந்த குவிமாடத் தலையர்களில் இதுவே மூத்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள, இன்னும் வளர்ந்து முடிக்காத ஒன்று. ஆனால் தலையில் மேடு முழுதாக எழும்பிவிட்டது. அதைவிட முக்கியம், தலையோடு உடம்பும் இருக்கிறது. கை இருக்கிறது. வயிற்றில் இரை அரைக்க விழுங்கிய கூழாங்கற்கள்கூட இருக்கின்றன. கையை முதன்முதலாகப் பார்க்க இந்தக் குடும்பம் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையைப் படித்து முடித்தபோது எனக்குப் பட்டது இதுதான். தவறு செய்த யாரும் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரர் இல்லை. கையில் இருந்த துண்டைக் கவனமாகப் பார்த்துத்தான் தவறினார்கள். திருத்தியவர்களும் அவர்களைவிட மேதைகள் இல்லை. ஒன்று, இழுப்பறையைத் திறந்து பழைய துண்டை மறுபடி பார்த்தார்கள்; அல்லது தலையை விட்டுவிட்டு வேறு எதையாவது பார்த்தார்கள், பல்லை, தழும்பை, எலும்பின் உள்சீவலை, வயிற்றுக் கல்லை. கண்ணைப் பறிக்கிற பாகம் எதுவோ அதுதான் முதலில் பேசும். அது சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. மற்றதெல்லாம் பேச அது இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும் நாளில் மருமகன் டைனோசர்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். நான் படித்ததையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்தினான்.

"அப்ப முட்டுமா முட்டாதா மாமா?"

"முட்டியிருக்கும்னுதான் நினைக்கிறேன்டா. தலையில அடிபட்ட தழும்பு இருக்கு."

"அதத்தான நானும் சொன்னேன்" என்றான். டப்பாவை மூடினான்.

பதில் சரிதான். அவன் தலையைப் பார்த்துச் சொன்னான், நான் தழும்பைப் பார்த்துச் சொன்னேன். அந்த வித்தியாசத்தை ஏழு வயதில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அடுத்த விடுமுறைக்கு வரட்டும்.